புளியங்கரந்தைப் படத்துக்காரிகள்

விலை மலிந்த செல்போனின் தலையில் எந்தப் பழியைத் தூக்கிப் போட்டாலும் அது வாங்கிக்கொள்ளும். மெதுவானது என்பார்கள், திணறுகிறது என்பார்கள், காசுக்கேத்த தோசை என்பார்கள், அதோடு விசாரணை முடிந்துவிடும். ராக்காயி மதினி கண்மாய்க்குள் விழுந்த அன்றைக்கு நானும் அதைத்தான் செய்தேன். ஐந்து நிமிடம்தான் நின்றார், போன் திணறிவிட்டது, நான் என்ன செய்வேன் என்று புளியங்கரந்தை முழுக்கச் சொல்லி அழுதேன், ஊரும் ‘ஐயோ பாவம் நாகஜோதி’ என்று என்னைத்தான் தேற்றியது. அந்த ஐந்து நிமிடம் உண்மையில் எவ்வளவு நேரம் என்பது எனக்கும் அந்தப் போனுக்கும் மட்டும்தான் தெரியும்.

நூறு நாள் வேலைக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டபோது சொந்தமாக ஒரு டச் போன் வேண்டும் என்றார்கள். காலையில் ஒன்று, உச்சி சாய்ந்து ஒன்று என்று வேலைக்கு வந்தவர்களை நிற்கவைத்துப் படம் எடுத்து ஏற்ற வேண்டும், படத்தில் முகம் விழுந்தவளுக்குத்தான் அன்றைய வருகை. முதுகுளத்தூர்க் கடைத்தெருவில் என் கையில் இருந்த காசுக்கு ஒரே ஒரு போன்தான் அகப்பட்டது. கடைக்காரர் அதைத் துடைத்துக் கையில் கொடுத்தபடியே சொன்னார்:

“பேட்டரி ரெண்டு நாளைக்கு நிக்கும்க்கா. ஸ்கிரீனு தேட்டரு மாதிரி. சத்தத்தக் கேட்டீங்கன்னா கோயில் கொடைக்கு மைக்செட்டே வேண்டாம்.”

“கொறை என்ன?”

“கேமரா சுமாருதான். நெழல்ல எடுத்தா மூஞ்சி பொரிபொரியா விழும். நல்ல வெயில்ல ஸ்கிரீனு தெரியாது. ரெண்டு மூணு சோலிய ஒண்ணாக் குடுத்தா நின்னு யோசிக்கும். அப்பறம் எடம் கம்மி, அப்பப்ப எதையாச்சும் அழிச்சுக்கிட்டே இருக்கணும்.”

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட யாரும் இவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் குறை சொன்னதில்லை. உடனே வாங்கிவிட்டேன்.

சித்திரை மாதம், பெரிய கண்மாயில் தூர் எடுக்கிற வேலை. ஒரு நாள் காலை வருகைப் படம் எடுத்த கையோடு சீனியம்மாள் அக்கா தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார், பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குப் புது மூக்குத்தியைக் காட்ட வேண்டுமாம். வருகைப் படம் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தது, வாட்ஸ்அப் திறந்திருந்தது, யாரோ கேட்டார்கள் என்று பாட்டு வேறு ஓடிக்கொண்டிருந்தது, நான்காவதாக இந்தப் படத்தையும் கொடுத்ததில் போன் அப்படியே நின்று யோசிக்க ஆரம்பித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வெள்ளாடு குட்டி போடுகிறது என்று ஆள் வந்து கூப்பிட, சீனியம்மாள் அக்கா மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடிவிட்டார். போன் ஒருவழியாகப் படத்தைச் சேமித்து நான் நிமிர்ந்து பார்த்தபோது, சீனியம்மாள் அக்கா மூக்குத்தியோடு அதே இடத்தில் நின்றுகொண்டும் இருந்தார்.

மண் சுமந்துகொண்டிருந்த பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அளந்துவிட்ட குழி பாதிகூட முடியவில்லை.

“போனவ போயிட்டா, இருக்கிறவ இருக்கா. இதுல பாக்கிறதுக்கு என்ன இருக்கு? அவ கையில ஒரு சட்டியக் குடுங்கடி” என்றார் ராக்காயி மதினி.

மதினி என்றால் வழிவிட்டான் அண்ணனின் வீட்டுக்காரி. எங்கள் தெருக்கோடியில் வீடு, எனக்கு அண்ணன் முறை. கொளுத்தும் வெயிலிலும் ஏதாவது ஒன்றைச் சொல்லி நாற்பது பேரையும் சிரிக்கவைத்துவிடுகிற வாய் அவருக்கு. அவர் சொன்னபடி சட்டியைக் கொடுத்தோம், இருக்கிற சீனியம்மாள் மண் தூக்கினார். சாயங்காலம் போன சீனியம்மாள் வந்து தன்னைத்தானே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பரவால்ல, மூக்குத்தி எடுப்பாத்தான் இருக்கு” என்று சொல்லி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அதன் பிறகு ஊர்ப்பெண்கள் என்னை விடவில்லை. மூன்று நான்கு வேலையைத் திறந்துவைத்துப் போனைத் திணறவிட்டு, அது நின்று யோசிக்கிற நேரம் பார்த்துப் படம் எடுத்தால் ஆள் ஒன்று இரண்டாகும் என்பது தெரிந்துபோனது. காசு கூடப் போட்டு நல்ல போனாக வாங்கியிருந்தால் இந்த யோகம் எங்களுக்கு வந்திருக்காது. படத்தில் இருந்து வந்தவளைப் படத்துக்காரி என்று கூப்பிட்டோம். சீனியம்மாள் படத்துக்காரி, பஞ்சு படத்துக்காரி, மேலத்தெரு முத்தழகு படத்துக்காரி என்று வைகாசி பிறப்பதற்குள் இருபத்தாறு பேர் ஆனார்கள்.

போனுக்கு என்ன வரமோ அதுதான் அவர்களுக்கும் வரம், போனுக்கு என்ன குறையோ அதுதான் அவர்களுக்கும் குறை. சோறு தண்ணி வேண்டாம், ரெண்டு நாள் ஓயாமல் உழைப்பார்கள், குரல் கொடுத்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். நான் போனுக்குச் சார்ஜ் போடுகிற நேரத்தில் எங்கெங்கோ இருக்கிற அத்தனை படத்துக்காரிகளுக்கும் உடம்பு இளஞ்சூடாகும், போன் அடித்தால் செய்கிற வேலையை விட்டுவிட்டு அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் அடுப்பைப் பார்த்துக்கொள், ஆட்டையும் பார்த்துக்கொள் என்று ரெண்டு வேலையைச் சேர்த்துச் சொன்னால் நடுவீட்டில் நின்றுவிடுவார்கள். கை விரல்கள் ஒன்றோடொன்று கலங்கி இருக்கும், ஊசி கோக்க வராது, பேன் பார்க்க வராது. முன்பக்கம் இருந்து எடுத்த படம் என்பதால் முதுகில் சேலைப் பூ கிடையாது, வெறும் சாம்பல் நிறம். பொழுது சாய்ந்தால் முகம் பொரிந்துபோய் எவள் எந்த வீட்டுக்காரி என்று தெரியாது, விளக்கு வைத்த பிறகு இரண்டு படத்துக்காரிகள் வீடு மாறிப்போய், மறுநாள் மதியம்வரைக்கும் யாரும் கவனிக்காமல் இருந்ததும் உண்டு.

பிடிக்காத சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குப் படத்துக்காரியை அனுப்பினார்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்கவைத்தார்கள். குடித்துவிட்டு வருகிற புருஷனின் வசவைக் கேட்டுக்கொள்ள அவளை வாசலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே நிம்மதியாகத் தூங்கினார்கள். படத்துக்காரிகளுக்கும் சேர்த்துத் தலைக்கட்டு வரி போடலாமா என்று கோயில் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. ஆம்பளைக்குத்தானே தலைக்கட்டு, பொம்பளை ஒன்றாக இருந்தால் என்ன, ஒன்பதாக இருந்தால் என்ன என்று பெரியவர்கள் தள்ளிவிட்டார்கள். வருகையில் மட்டும் நான் கறாராக இருந்தேன், கறாராக இல்லாவிட்டாலும் ஒன்றும் நடந்திருக்காது, படத்துக்காரியைப் படம் எடுத்தால் வெறும் மண்தான் விழும். அவள் தூக்கிய மண் கண்மாய்க்குத் தர்மம் என்று சொல்லிவிட்டேன்.

ராக்காயி மதினி மட்டும் எடுத்துக்கொள்ளவே இல்லை.

“என் ஒருத்தியவே உங்கண்ணனால தாங்க முடியல. ரெண்டா ஆக்குனா அந்த மனுசன் காசிக்குப் போயிருவாரு” என்பார்.

நான் எடுத்துக்கொண்டேன், இருபத்தேழாவது ஆளாக. அந்த வருடம் எங்களுக்கு முண்டு மிளகாய் நல்ல காய்ப்பு, என் வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார், களத்தில் காயப்போட்ட வத்தலை ஆடும் கோழியும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. என் படத்துக்காரி ஒரு கம்போடு களத்தில் உட்கார்ந்து காவல் காத்தாள்.

இனி அந்த நாள். பிற்பகல் வருகைப் படத்தை எடுத்து ஏற்றி, எல்லோரையும் அனுப்பிவிட்டுப் பார்க்கிறேன், ஓரத்தில் நின்ற ராக்காயி மதினிக்குப் பாதி முகம்தான் விழுந்திருக்கிறது. அந்தக் கேமராவுக்கு நாற்பத்தொரு பேர் அடங்குவது எப்போதும் இழுபறிதான். கரையேறப் போனவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன். மற்ற பெண்கள் தூரத்தில் சட்டியும் மண்வெட்டியுமாக ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். அப்போது மணி இரண்டு.

“ஒரு படந்தான் மதினி. முகம் முழுசா விழலன்னா இன்னைக்கு வருகை போயிரும்.”

“எடு தாயி, எங்க நிக்க?”

நிழலில் நிறுத்தினால் முகம் பொரியும் என்று வெயிலில் நிற்கச் சொன்னேன். வெயிலில் திரை தெரியாது என்று நான் கருவேல மரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டேன். படம் எடுக்கப் போனால், இடம் இல்லை, எதையாவது அழி என்று போன் சொன்னது.

இருபத்தேழு படத்துக்காரிகள் அதற்குள் இருந்தார்கள். மற்றவர்களுடையதைக் கேட்காமல் அழிக்க எனக்கு உரிமை இல்லை, என்னுடையதை அழிக்கலாம், ஒரு தட்டுத் தட்டினால் போதும், தாராளமாக இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவள் களத்தில் இருந்தாள். அவளை அழித்தால் நான் போய்ச் சேருகிறவரைக்கும் வத்தலுக்குக் காவல் இல்லை, கீழத்தெரு ஆடுகள் அவிழ்த்துவிடுகிற நேரம் அது. அதனால் நான் என்ன செய்தேன் என்றால், போனில் குவிந்து கிடந்த காலை வணக்கப் படங்களை அழிக்க ஆரம்பித்தேன், ரோஜாப்பூவும் காபி டம்ளரும் போட்ட படம், பிள்ளையார் படம், சூரியன் உதிக்கிற படம். மொத்தமாகத் தேர்ந்தெடுத்தால் போன் யோசிக்கப் போய்விடும் என்பதால் ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றாக. நடுநடுவே இடம் வந்துவிட்டதா என்று கேமராவைத் திறப்பேன், இல்லை என்று சொல்லும், மறுபடி அழிப்பேன். அப்படி நூற்றுக்கணக்கில் இருந்தன.

“நாகஜோதி, முடிஞ்சுதா?”

“இந்தா வந்துருச்சு மதினி.”

“நெஞ்சு கனமா இருக்கு தாயி. செத்த உக்காந்துக்கிறேன்.”

“உக்காந்தா மறுபடியும் வெளிச்சம் பாத்து நிப்பாட்டணும் மதினி. ஒரு படந்தான், நில்லுங்க.”

அவர் நின்றார். படிக்காதவர், படத்தில் விழுந்தால்தான் வருகை என்பதைத் தவிர அந்தப் போனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பினார். எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் இன்னும் எத்தனை ரோஜாப்பூ பாக்கி என்பதுதான். ஒருவழியாகக் கேமரா திறந்தது, ஒரு கையை நெற்றியிலும் ஒரு கையை நெஞ்சிலும் வைத்து நின்றவரைப் பார்த்து அழுத்தினேன், போன் நின்று யோசித்தது, அது யோசித்துக்கொண்டிருக்கும்போதே ராக்காயி மதினி சரிந்து கண்மாய் மண்ணில் விழுந்தார். அப்போது மணி மூன்றே கால்.

கத்திக்கொண்டு கரையேறினேன், ஆட்கள் ஓடிவந்தார்கள், ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டோம், பெரிய ரோடு ஏறுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. ஆட்டோவுக்குள் யாரோ எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம், படத்துக்கு எழுந்து ஐந்து நிமிடம்தான் நின்றார் என்று என் வாயில் இருந்து வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை அது. ஆனால் சொன்ன பிறகு யோசித்தேன், யோசித்துவிட்டு அதையே எல்லோரிடமும் சொன்னேன்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்தவர்கள்தான் வந்து சொன்னார்கள், கண்மாய்க்குள் ராக்காயி நிற்கிறாள் என்று. ஒரு கை நெற்றியில், ஒரு கை நெஞ்சில். மற்ற படத்துக்காரிகள் கூப்பிட்டால் வருவார்கள், உட்காரச் சொன்னால் உட்காருவார்கள், இவர் அசையவில்லை. கொழுந்தியாமார் வந்து கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், வழிவிட்டான் அண்ணன் வந்து, “ஏ புள்ள, வீட்டுக்கு வா” என்று கெஞ்சிப் பார்த்தார், மதினி நின்றது நின்றபடி நின்றார். ஊர் கூடிப் பேசியது. எரித்தாகிவிட்டது, காரியம் செய்வதா வேண்டாமா என்று ஒரு பேச்சு. உடம்புக்கு உள்ளதை உடம்புக்குச் செய்வோம், நிற்கிறவளுக்கு நிற்கிறவரைக்கும் தண்ணி வைப்போம் என்று முடிவானது. மூன்றாம் நாள் அண்ணன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாம் நாள் கருவேலங்கம்பு நாலு நட்டு, கீற்று வாங்கிவந்து, மதினி தலைக்கு மேலே ஒரு பந்தல் போட்டார். போகிற வருகிற பெண்கள் ஒரு செம்புத் தண்ணியும், தலையில் இருந்து ஒரு முழம் பூவும் வைத்துவிட்டுப் போனார்கள், சில பேர் அங்கேயே உட்கார்ந்து அவரிடம் ஊர்க்கதை பேசினார்கள்.

நான் மட்டும் போகவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று ஊர் நினைத்தது. பிறகு ஒரு நாள் உச்சி வேளையில், அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போன நேரம், கண்மாய்ப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாதது பார்த்துத் தனியாகப் போனேன். பந்தலுக்கு வெளியே நின்று, “உக்காருங்க மதினி” என்றேன். அவர் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு முகத்தை என் பக்கம் திருப்பி, கோயில் கொடைக்கு மைக்செட் வேண்டாத அந்தச் சத்தத்தில், கண்மாய்க்கரைவரைக்கும் எதிரொலிக்கும்படி சொன்னார்:

“நாகஜோதி, முடிஞ்சுதா? நெஞ்சு கனமா இருக்கு தாயி. செத்த உக்காந்துக்கிறேன்.”

நாலு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. படம் எடுத்தவளைப் பார்த்தால் மட்டும் பேசுகிறார் என்று புரிந்தது, அவரைப் பார்த்து நான் அழவில்லை, யாராவது கேட்டிருப்பார்களோ என்றுதான் ஓடினேன், அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நின்றுபோயிருந்த தூர் வேலையைத் திங்கள்கிழமை அதே இடத்தில் தொடங்க வேண்டும் என்று தகவல் வந்தது. நாற்பது பெண்களும் இருப்பார்கள், பந்தலில் அண்ணன் இருப்பார், நான் போய் நின்ற உடனே மதினி வாய் திறப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தேன். படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன், நெற்றியில் கை வைத்து நிற்கிற அந்தப் படம் வந்தது. நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். வாங்கிய நாளில் இருந்து எதற்கெடுத்தாலும் நின்று யோசித்த அந்தப் போன் அதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் விஷயம் ஊருக்குள் பரவியது. சீனியம்மாள் அக்கா முதலில் ஓடிவந்தார். இடம் இல்லை அக்கா, நாளைக்கு வருகைப் படம் எடுக்க வேண்டும், நாற்பது பேர் கூலி என்று தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அடிப் பாவி மகளே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? எம் படத்துக்காரிய அழிச்சிருந்தா ஆகாதா? ராக்காயி நின்னுட்டுப் போறா!”

அவருக்குப் பின்னால் பஞ்சு வந்தாள், முத்தழகு வந்தாள், ஒவ்வொருத்தியாக வந்தார்கள், என்னோடதை அழி, என்னோடதை அழி என்றார்கள். இனிமேல் அழித்தாலும் ராக்காயி திரும்ப மாட்டாள் என்று நான் சொன்ன பிறகும் கேட்கவில்லை, அவளே நிற்காத ஊரில் எங்கள் படத்துக்காரிகள் எதற்கு என்று சொல்லி என்னை அழிக்கவைத்தார்கள். இருபத்தாறையும் அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். ரேஷன் வரிசையில் இருந்தும், அடுப்படியில் இருந்தும், ஆட்டுக்கொட்டடியில் இருந்தும் இருபத்தாறு பேர் போனார்கள், என்னைத் திட்டுவதற்குப் பதிலாக இந்தப் பெண்கள் இப்படிச் செய்தார்களே என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் படத்துக்காரியை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வழிவிட்டான் அண்ணன் அன்று குடத்தில் தண்ணியோடு போனபோது பந்தல் வெறுமனே நின்றிருக்கிறது. மதினி நடந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து, குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அடுப்படியிலும் கொல்லையிலும் பேர் சொல்லித் தேடியிருக்கிறார். இதைப் பஞ்சு வந்து சொன்னபோது நான் வத்தலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

போய் நிற்க வேண்டும், சொல்ல வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் அதற்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டதே, முகம் கொடுக்க முடியாத இடத்துக்கெல்லாம் படத்துக்காரியை அனுப்புவது. செவ்வாய்க்கிழமை காலை வருகைப் படத்தை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, என் படத்துக்காரியைக் களத்தில் இருந்து எழுப்பி, சேலையைத் திருத்தி, ஒரே ஒரு வேலை மட்டும் சொன்னேன்: அண்ணன் வீட்டுக்குப் போ, ‘தெரியாம அழிச்சுட்டேன் அண்ணே, மன்னிச்சுக்கங்க’ என்று சொல்லிவிட்டு வா. அவள் தெருவில் போவதைக் கதவிடுக்கில் பார்த்தேன். முதுகில் பூ இல்லாத என் சேலை, சாம்பல் நிறமாக, வளைவில் திரும்பியது.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்தாள். வந்து என் முன்னால் நின்று யோசித்தாள். பிறகு அவளுடைய குரலில் அண்ணனின் பேச்சைச் சொன்னாள்.

“ஆள் வரட்டும்.”

அவ்வளவுதான். சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் போனை எடுத்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவளை அழித்தேன். களத்தில் மிச்சம் கிடந்த வத்தலை அப்படியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது, குடையோ முந்தானையோ தலையில் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அண்ணன் வாசல் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, ஆட்டுக்குக் குழை ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துத் திருப்பி, முதுகில் சேலைப் பூ இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.

“சொல்லு. எம்புட்டு நேரம் நின்னா?”

ஐந்து நிமிடம் என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. பழகிப்போன பொய் அப்படித்தான் தானாக வரும்.

“ஒண்ணேகால் மணி நேரம் அண்ணே.”

அவர் கையில் இருந்த குழை கீழே விழவில்லை, கட்டிக்கொண்டே இருந்தார்.

“வெயில்லயா?”

“வெயில்லதான்.”

“நீ?”

“நான் மர நெழல்ல உக்காந்துருந்தேன்.”

“அவ உக்காரணும்னு கேட்டாளா?”

“கேட்டாங்க. நெஞ்சு கனமா இருக்குன்னாங்க. ஒரு படந்தான், நில்லுங்கன்னு சொன்னேன்.”

“போனு வேல செய்யலயாக்கும்.”

அவரே எனக்கு ஒரு வழி விட்டார். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

“செஞ்சது அண்ணே. என் படத்துக்காரிய அழிச்சிருந்தா உடனே எடம் கெடச்சிருக்கும். அவ களத்துல வத்தலுக்குக் காவல் இருந்தா. அதுக்காக அழிக்கல. கண்மாய்க்குள்ள நின்ன மதினிய அழிச்சதும் தெரியாம இல்ல. அவங்க என்னயப் பாத்துப் பேசுனாங்க, நீங்க கேட்டுருவீங்கன்னு அழிச்சுட்டேன்.”

“பேசுனாளா?”

அதுவரைக்கும் கல் மாதிரி இருந்தவருக்கு அந்த ஒரு சொல்லில் குரல் உடைந்துவிட்டது. பதினொரு நாள் குடையும் தண்ணியுமாகப் பக்கத்தில் நின்றவரிடம் மதினி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“என்ன சொன்னா?”

சொன்னேன். மதினி சொன்னது சொன்னபடி, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல், ‘தாயி’ என்று என்னைக் கூப்பிட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார், இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், இன்னொரு தரமும் சொன்னேன். பிறகு அவர் குழைக்கட்டை ஆட்டின் முன்னால் போட்டுவிட்டு உள்ளே போனார். திரும்பி வராவிட்டாலும், அரிவாளோடு வந்தாலும் நான் நகரக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, தலை சுற்றியும் நகராமல் வாசல் வெயிலில் நின்றேன். உள்ளே ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வெளியே வந்தார், அதை நிழலில் போட்டு, தோளில் கிடந்த துண்டால் துடைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஒன்னய மன்னிக்க எனக்குத் தெரியாது” என்றார். “ஆனா வெயில்ல வந்தவள நிக்க வச்சுப் பேசுறது தப்பு. உக்காரு.”